கலாமணி பேசவில்லை

‘டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

“தொடரு தாயே” என்று முணுமுணுத்துவிட்டுப் பட்டனைத் தட்டினாள் சிந்துஜா.

விஜயதசமி காலை. ஈரோட்டுக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரி. இரண்டாம் மாடி லேபில் பொரியும் ஊதுபத்தியும் கலந்த வாசனை இன்னும் அடங்கவில்லை. பத்தரைக்கு, படத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல மெஷினைப் பழக்கும் டீப் லேர்னிங் பயிலரங்கம். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். கேட்டுவிட்டுப் போக அல்ல, கையோடு செய்து பார்க்க. அவர்களுக்கு முன்னால் இருக்கப் போவது சாதாரணக் கம்ப்யூட்டர்கள்தான். அத்தனைக்கும் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுடன் ஒரே ஒரு பெரிய மெஷின். அதைத் தயார் செய்ய வேண்டியவள் சிந்துஜா. வேலைக்குச் சேர்ந்து முதல் செமஸ்டர்கூட முடியவில்லை.

நேற்றே செய்திருப்பாள். ஆயுத பூஜை அன்று மெஷினைத் தொடக்கூடாது என்பது துறைத் தலைவர் நாச்சிமுத்து போட்ட சட்டம். தொடாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. பூசாரி தீர்த்தம் தெளிக்க வசதியாகப் பெரிய மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சரஸ்வதியின் அருள் உள்ளே வரை போகட்டுமென்று. போயிருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகல் வாடை.

“என்னங்க மேடம், கண்ணைத் தொறக்கலீங்களா?” என்று நாச்சிமுத்து வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“திறக்காது சார். உள்ளே தண்ணி.”

“தண்ணின்னு சொல்லாதீங்க, தீர்த்தம். ரிப்பன் வெட்டற கத்திரிக்கோலே இன்னும் வரலை, இதுல இது வேறயா? அந்த மூலைல ஒண்ணு இருக்குதல்லங்க, அதே மாதிரி?”

இருந்தது. பூஜை மேஜைக்குப் பின்னால், முகப்பு முழுக்க அப்பிய சந்தனமும் குங்குமமுமாக, மாலை போட்டுக்கொண்டு. மற்ற மெஷின்கள் அணைந்திருந்தபோது இது மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சிந்துஜா ஒரு திரையை இணைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு புரோகிராம் கார்டை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது. யாருடையது என்று பெயரில்லை. லேபைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

“பசங்க எவனாவது ப்ராஜெக்டை ஓட விட்டுப்போட்டு ஊருக்குப் போயிருப்பான். அழிச்சுப்போட்டு வேலையப் பாருங்க மேடம்” என்றார் நாச்சிமுத்து.

அழித்தாள். டிஸ்க் இரண்டு இருந்தது, இரண்டையும். புதிதாக எல்லாம் ஏற்றி, கார்டை இயக்கும் டிரைவர் சாப்ட்வேர் இரண்டு முறை முரண்டு பிடித்து, மூன்றாவது முறை வழிக்கு வந்து, பயிற்சிக்கான பூனை, நாய்ப் படங்களை லட்சக்கணக்கில் கொட்டி நிரப்பியபோது முதுகில் வியர்வை வழிந்தது. சோதனை ஓட்டம். ஒரு பூனைப் படத்தைக் காட்டினாள். ‘பூனை’ என்றது மெஷின்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோது போன் அடித்தது. ஈஸ்வரமூர்த்தி.

“கூப்பிட்டிருந்தீங்களாங்க மேடம்? சம்சாரத்தைக் குளிப்பாட்டிட்டிருந்தேன்.” குரல் ஒரு மாதிரி இருந்தது. “லேப்ல கரண்டு எதும் போச்சுங்களா?”

“இல்லையே சார். ஏன்?”

“மூலைல ஒரு மெஷின் இருக்குமுங்க. சந்தனம் வச்சு. அது ஓடுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கலாமணி பேச மாட்டேங்கறா.”

சிந்துஜாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

*

அலுவலர் குடியிருப்பு கல்லூரிக்குப் பின்பக்கம்தான். ஓடினாள்.

கட்டிலில் கலாமணி. நாற்பது வயதிருக்கும். தலையில் ஒயர்கள் பின்னிய தொப்பி. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு டேப்லட், வெறும் வெள்ளைத் திரையோடு.

“பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சருங்க. மூளைத்தண்டுல அடைப்பு வந்துச்சு. அதுல இருந்து இமைகூட இவ பேச்சைக் கேக்காது” என்றார் ஈஸ்வரமூர்த்தி. பேசும்போதே டேப்லட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். “ஆனா உள்ள எல்லாம் தெளிவா இருக்குதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. தொப்பி சிக்னலை எடுக்கும். நம்ம லேப் மெஷின் அதைப் படிச்சு வாக்கியமாக்கி அனுப்பும். கல்யாண வீடியோல இருந்து எடுத்த அவ குரல்லயே பேசும். ‘மாமா, சாப்டீங்களா’ன்னு காலைல அதான் முதல் கேள்வி. இன்னைக்குக் கேக்கலீங்க.”

சிந்துஜா சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பின்னால் யோசித்துப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

அவர் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டாவது டிஸ்க்? அதுலதான் பேக்கப்.”

“அதையும் சார். படங்களுக்கு இடம் பத்தலைன்னு… அழிச்சதோட இல்லை. அது மேலயே பூனைப் படமா எழுதியாச்சு. திரும்ப எடுக்க முடியாது.”

“தொடாதீங்கன்னு பெருசா எழுதி ஒட்டியிருந்தேனேங்க?”

“சந்தனம்தான் இருந்தது சார்.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். “நான்தான் வச்சேன். இவ பேச்சு ஓடற மெஷினாச்சேன்னு ரெண்டு கை அதிகமா அப்பினேன். காலேஜுக்குத் தெரியாம ஓட்டறது. வெளிய சொன்னா மெஷினைப் பிடுங்கிக்குவாங்கன்னு பயம்.”

வைவார் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் அவளை உலுக்கியது.

“சாயங்காலம் கோயமுத்தூர்ல இருந்து டாக்டர் வர்றாருங்க. மண்டைக்குள்ளயே சில்லு வைக்கற ஆபரேஷன். வச்சுட்டா தொப்பி வேண்டாம், லேப் வேண்டாம், கடைசி வரைக்கும் பேசலாம். ஆனா இவ இதயம் பலவீனம். மயக்க மருந்து தாங்குமான்னு அவருக்கே சந்தேகம். அதனால நோயாளியே டாக்டர் முன்னால ‘சம்மதம்’னு சொல்லணும், அதைப் பதிவு பண்ணணும், அதான் சட்டம். இன்னைக்குச் சொல்லலைன்னா அந்த இடம் வரிசைல அடுத்தவங்களுக்குப் போயிடும்.”

“அவங்களுக்குச் சம்மதமா?”

“போன வாரம் அவளே கேட்டா மேடம். ‘மாமா, பண்ணிடலாம், எனக்குப் பயமில்லை’ன்னு. டாக்டருக்கு வீடியோகூட அனுப்பியாச்சு. இப்ப வாயே இல்லாம எப்படிச் சொல்லுவா?”

சாயங்காலத்துக்குள் ஒரு பெண்ணின் பேச்சைத் திரும்பக் கட்ட வேண்டும். முழுப் பேச்சு நடக்காத காரியம். “சம்மதம்னு சொல்ல ஒரு வார்த்தை போதும் சார்” என்றாள் சிந்துஜா. “ஆமாம், இல்லை. இந்த ரெண்டு மட்டும்.”

“முதல் மாசம் அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆமான்னா வலது கையை இறுக்கி மூடற மாதிரி நினைக்கணும். இல்லைன்னா காலை உதைக்கற மாதிரி. அவளுக்கு அது ஞாபகமிருக்கும்.”

“அப்போ பதில் தெரிஞ்ச கேள்வியாக் கேளுங்க. ‘உன் பேரு கலாமணியா? நீ பொறந்தது டெல்லியா?’ இப்படி. பதில் நமக்குத் தெரியும்ங்கறதால எந்த சிக்னல் ஆமாம், எது இல்லைன்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துடலாம். சிக்னலை லேபுக்கு அனுப்பிட்டே இருங்க. அங்கே முப்பது ஆசிரியர்கள் கை சும்மா இருக்கு.”

*

“பூனை நாய்னு பத்திரிகை அடிச்சிருக்குதுங்க மேடம்!” என்று நாச்சிமுத்து தலையில் கை வைத்தார். “சிறப்பு விருந்தினர் பூனையப் பார்க்கத்தான் வந்திருக்காரு!”

“கலாமணி டீச்சர் பேச்சு இந்த மெஷின்லதான் இருந்தது. அழிக்கச் சொன்னது நீங்க. அழிச்சது நான்” என்றாள் சிந்துஜா.

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். “கலாமணி டீச்சரா? எம் பொண்ணுக்கு அவங்கதான் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க” என்றார் மெதுவாக. பிறகு மேடையேறி, பயிலரங்கத்தின் முதல் நாள் பயிற்சி மாற்றப்பட்டிருப்பதாக, அது ஏதோ முன்பே யோசித்த ஏற்பாடு என்பது போல அறிவித்தார்.

ஈஸ்வரமூர்த்தி வீட்டிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார். கலாமணியின் மூளை அலைகள் லேப் திரைக்கு வந்துகொண்டேயிருந்தன. முப்பது பேரும் பூனையை மறந்து அந்தக் கோடுகளைத் துருவினார்கள். ஒருவர் இரைச்சலை வடிகட்டினார். சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, நெற்றிச் சுருக்கத்தின் சிக்னல் கலக்கிறதா என்று சந்தேகப்பட்டு, அது அசையவே அசையாது என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிக்னலைப் படிக்கப் பழக்கிய முதல் மாடல் குருட்டாம்போக்கில் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. சாப்பாட்டு மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நாச்சிமுத்துவே தயிர்சாதப் பொட்டலங்களை மேஜை மேஜையாக வைத்துக்கொண்டு போனார். மதியம் தாண்டி, ஒரு மாடல் பிடித்துக்கொண்டது. அது இதுவரை பார்க்காத கேள்விகளுக்கும் சரியாகச் சொன்னது. மறுபடி சரி. மறுபடியும்.

“நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?” நாச்சிமுத்து போனை வாங்கினார். “டீச்சர், நான் நாச்சிமுத்துங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களே, சாப்பாடு நல்லா இருந்துதுங்களா?”

அலை எழுந்தது. திரையில் எழுத்து வந்தது. இல்லை.

ஹாலே வெடித்துச் சிரித்தது. “மாடல் சரியாத்தான் வேலை செய்யுதுங்க” என்றார் நாச்சிமுத்து, முகம் சிவந்து. “ரசத்துல உப்பே இல்லை.”

போனின் மறுமுனையில் சிரிப்பு கேட்கவில்லை. சிந்துஜா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தாள்.

“போன மாசம் அந்தக் கல்யாணப் பேச்சு வந்துச்சு மேடம்” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “சாப்பாடு பிரமாதம்னு சொன்னா.”

சிந்துஜா போனை வைத்தாள். ஹாலின் திரையிலிருந்து பதில்களை மறைத்து, தன் லேப்டாப்பில் மட்டும் தெரியும்படி செய்துகொண்டு, மறுபடி குடியிருப்புக்கு ஓடினாள்.

*

டாக்டர் பெருந்துறையைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி சட்டை மாற்றியிருந்தார். கலாமணிக்குப் புதுப் பொட்டு வைத்திருந்தார்.

“ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கலாங்க.” குனிந்தார். “கண்ணு, ஆபரேஷனுக்கு உனக்குச் சம்மதம்தானே?”

லேப்டாப்பில் அலை எழுந்து, அடங்கியது.

இல்லை.

“புது மாடலுங்க. தப்பாப் படிச்சிருக்கும்.”

“கேள்வியைத் திருப்பிக் கேளுங்க சார்.”

“ஆபரேஷன் வேண்டாமா கண்ணு?”

ஆமாம்.

அவர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு விதமாகக் கேட்டார். ஊர் பேர், தம்பி பேர், பள்ளிக்கூடத்துப் பேர் என்று நடுவில் தெரிந்த கேள்விகளை நுழைத்தார். அத்தனைக்கும் சரியான பதில். ஆபரேஷன் என்றதும் மறுபடி அதே இல்லை. ஏசி ஓடியும் அவர் கழுத்து நனைந்திருந்தது.

“போன வாரம் நீதானே கண்ணு கேட்டே? பயமில்லைன்னு?”

இல்லை.

“கோவமா? காலைல இருந்து பேச முடியலைன்னு கோவத்துல சொல்றியா?”

இல்லை.

சிந்துஜா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். கேட்க வேண்டாம் என்று இருந்தது. கேட்டாள். “சார், அந்தப் பழைய மாடலை எப்படிப் பழக்கினீங்க?”

“அவ எனக்கு அனுப்பின பழைய மெசேஜ் அத்தனையும் குடுத்தேன். அவ பேச்சு நடை அதுக்குப் பிடிபடணுமில்லைங்களா? அப்புறம் சிக்னலைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லும். சரியா இருந்தா டிக் போடுவேன். தப்பா இருந்தா அடிச்சிருவேன். தினமும்.”

“சரியா தப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எம் பொண்டாட்டி என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல எல்லாம் கண்டபடி எழுத்து எழுத்தா வரும். ஒரு அர்த்தம் இருக்காது. திரும்பத் திரும்ப அதையே கொட்டும். அதெல்லாம் அடிச்சேன். போகப்போகத்தான் நிதானமா, எங்க கலா மாதிரி…”

நிறுத்தினார்.

சிந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சிக்னல் கொஞ்சம்தான் சார் வந்திருக்கும். மீதியை மெசேஜ்ல இருந்து ஊகிச்சிருக்கும். நீங்க எதுக்கு டிக் போடுவீங்கன்னு கத்துக்கிட்டிருக்கும். அதுக்கு வேற வழி தெரியாது. டிக் வாங்கறதுதான் அதோட வேலை.”

“அப்ப இவ?”

கட்டில் பக்கம் திரும்பினார்.

“கலா. நேத்து வரைக்கும் எங்கிட்டப் பேசினது நீயா?”

இல்லை.

“எப்பவாவது ஒரு தடவை?”

இல்லை.

வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம். டாக்டர் கையில் கேமராவோடு படியேறி வந்தார். உதவிக்கு ஒரு நர்ஸ். இளம் டாக்டர், சிரித்த முகம். “என்ன சார், கலாமணி மேடம் ரெடியா? ரெண்டே நிமிஷ வேலை.”

சிந்துஜா ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தாள். மாடல் புதுசு, இன்னும் பழகவில்லை, ஒரு வாரம் பொறுங்கள் என்று அவர் சொன்னால் போதும். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு வாரத்தில், அதே மெசேஜ்களை வைத்து, அதே மாதிரி டிக் போட்டு, ‘மாமா சாப்டீங்களா’வைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். எப்படி என்று அவருக்குத் தெரியும். உதவி செய்ய சிந்துஜாவும் கடமைப்பட்டிருக்கிறாள்.

ஈஸ்வரமூர்த்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாம்னு சொல்லிட்டாங்க டாக்டர்.”

“போன வாரம் வீடியோல அவ்வளவு தெளிவாச் சொன்னாங்களே? பயமே இல்லைன்னு?”

“அது நான் பேசினதுங்க” என்றார்.

டாக்டர் அவரையும் சிந்துஜாவையும் மாறி மாறிப் பார்த்தார். கேமராவைப் பைக்குள் வைத்தார். கார் கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் ஈஸ்வரமூர்த்தி வாசலிலேயே நின்றார்.

உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலுக்கு நெருக்கமாக உட்கார்ந்தார்.

“எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா, கலா?”

திரை யோசிக்கவே இல்லை. ஆமாம்.

“மேடம், ஆமா இல்லைய வச்சு எழுத்து பிடிக்க முடியுமுங்களா?”

“முடியும் சார். நேரமாகும்.”

“ஆகட்டும்.” குனிந்தார். “உயிரெழுத்தா?” இல்லை. “க வரிசையா?” ஆமாம். “கவா?” இல்லை. “காவா?” ஆமாம்.

காதல் என்று வரும் என்று சிந்துஜா நினைத்தாள். அதுவும் இல்லாவிட்டால் காசு, காப்பி, காத்து. அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. இந்தத் தடவை எதையும் ஊகித்துச் சொல்லாமல், ஒவ்வொரு வரிசையாக, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையன் மாதிரி சொல்லிக்கொண்டு போனார். ச வரிசை, ட வரிசை, த வரிசை. ஆமாம். த, தா, தி, தீ, து. ஆமாம்.

“இன்னும் எழுத்து இருக்கா?”

இல்லை.

“காது” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “காது கேக்கலையா கண்ணு?” இல்லை. “வலிக்குதா?”

ஆமாம்.

தொப்பியின் ஓரத்தைத் தூக்கினார். இடது காது மடலில் ஒரு சின்னக் கிளிப். மற்ற ஒயர்களுக்கெல்லாம் ஆதாரமாக அளவெடுக்கும் ஒயர் அதில்தான் முடிகிறது. இறுக்கமாக இருந்தால்தான் சிக்னல் நன்றாக வரும். குளிப்பாட்டும்போதுகூட அதை மட்டும் கழற்றுவதில்லை. கழற்றினால் மறுபடி சிக்னல் பிடிக்க அரை நாள் ஆகும், அரை நாள் கலாமணி பேசமாட்டாள். கிளிப்புக்கு அடியில் தோல் கறுத்து, உள்ளுக்குள் ரணமாகி, உலர்ந்து, மறுபடி ரணமாகியிருந்தது.

“ரொம்ப நாளாவா?”

ஆமாம்.

சிந்துஜாவின் போன் துடித்தது. நாச்சிமுத்து. “மேடம், சிக்னல் அருமையா வருதாமுங்க. சேலத்து அம்மா இன்னும் கொஞ்ச நேரம் பதிவு பண்ணிக்கலாமான்னு கேக்கறாங்க. பண்ணிக்கட்டுங்களா?”

ஈஸ்வரமூர்த்தி அப்போது கிளிப்பை இரண்டு விரலால் மெல்ல அகற்றிக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த தோல் லேசாகப் பிய்ந்து வந்தது. லேப்டாப் திரையில் எல்லா அலைகளும் ஒருசேரத் துள்ளி, நேர்க்கோடாகப் படுத்துக்கொண்டன.

“போச்சுங்க, போச்சு!” என்று அலறினார் நாச்சிமுத்து. “என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை சார். நாளைக்குப் பார்க்கலாம்” என்று போனை வைத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி பஞ்சை வெந்நீரில் நனைத்துக் காதோரம் ஒற்றினார். ஊதினார். மறுபடி ஒற்றினார்.

“இப்பப் பரவால்லையா கண்ணு?”

பழக்கத்தில் டேப்லட் பக்கம் திரும்பினார். வெள்ளைத் திரை. டிக் போடவோ அடிக்கவோ அதில் எதுவும் வரவில்லை. அதைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி குனிந்து ஊதத் தொடங்கினார்.